பேஸ்மென்ட்டில் 17 டிகிரி: ஜனவரிக்குள் காலி செய்தே ஆக வேண்டுமா?

கனடாவில், டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்று கேட்டதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கோவைப் பக்கத்துக்காரர். கணவருக்கு ஒர்க் பெர்மிட், அதை ஒட்டி இவருக்கும் ஒரு பெர்மிட், நான்கு வயதில் ஒரு மகன். கடந்த மே மாதம் டொராண்டோ வந்ததும், தெரிந்தவர் மூலம் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் குடியேறினார்கள். வாடகை 1,800 டாலர். ஹீட்டிங், தண்ணீர், கரண்ட் எல்லாம் அதிலேயே அடக்கம் என்று வாய்ப்பேச்சு. மேலே வீட்டு உரிமையாளரின் குடும்பம். அவரும் தமிழர்தான். "நம்ம ஆட்களுக்குள் பேப்பர் எதற்கு?" என்றாராம். முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, அது போக இரண்டு மாத 'டேமேஜ் அட்வான்ஸ்' என்று 7,200 டாலர் ரொக்கமாகக் கை மாறியது. ரசீது இல்லை.

குளிர் தொடங்கியதும் சிக்கலும் தொடங்கியது. வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் மேல் வீட்டில் இருக்கிறது. கீழே 17 டிகிரிக்கு மேல் ஏறுவதில்லை. பையனுக்கு இருமல் நிற்கவில்லை. கேட்டால், "ஒரு ஹீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஹைட்ரோ (கரண்ட்) பில்லுக்கு மாதம் 100 டாலர் சேர்த்துத் தாருங்கள்" என்று பதில். பக்கவாட்டு நடைபாதையில் பனி வாருவதும் இவர்கள் வேலையாம். இரண்டு வாரத்துக்கு முன் உரிமையாளர் கீழே இறங்கி வந்து, "அக்கா மகன் படிக்க வருகிறான், ஜனவரி முடிவதற்குள் காலி பண்ணித் தாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

வாசகி கேட்பது இதுதான்: தற்காலிக விசாவில் இருக்கும் எங்களுக்கு இங்கே உரிமை ஏதாவது உண்டா? எழுதிய ஒப்பந்தமே இல்லாதபோது யாரிடம் போய் என்ன சொல்வது? புகார் கொடுத்தால் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) விண்ணப்பம் கெட்டுப்போகுமா? ஜனவரி வாடகையை நிறுத்திவிட்டு, கொடுத்த அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம் என்கிறார் கணவர், அது சரியா?

சகோதரி, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் தவறினால் மற்ற மூன்றுக்கும் நான் சொல்லும் பதில் பயன்படாமல் போகும். வாடகையை நிறுத்தாதீர்கள். கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது, கணக்கும் நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் இன்றைய நிலையில் உங்களை வெளியேற்ற உரிமையாளரிடம் உருப்படியான காரணம் ஒன்றும் இல்லை. வாடகை பாக்கி விழுந்த மறுநாளே அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒருவரை வெளியேற்ற இருக்கும் சுருக்கமான வழிகளில் ஒன்று வாடகை பாக்கி வழி. அட்வான்ஸில் எவ்வளவு திரும்ப வர வேண்டும் என்பதை வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் வாரியம் தீர்மானிக்கட்டும், நீங்களாகக் கழிக்க வேண்டாம். ஜனவரி 1 அன்று வாடகை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதுவும் ரொக்கமாக வேண்டாம், இ-டிரான்ஸ்ஃபராக அனுப்புங்கள்.

அடுத்து விசா. ஒன்டாரியோவின் குடியிருப்பு வாடகைச் சட்டம், 2006, வாடகைக்குக் குடியிருப்பவரைப் பார்க்கிறதே தவிர அவர் எந்த நாட்டுக்காரர், எந்த பெர்மிட்டில் இருக்கிறார் என்று பார்ப்பதில்லை. வாய்மொழி ஒப்பந்தமும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒப்பந்தம்தான். மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுத்திருக்கிறார், நீங்கள் குடியிருக்கிறீர்கள், அவ்வளவு போதும். பேப்பர் இல்லாததால் உங்கள் உரிமை குறையவில்லை. அதை நிரூபிக்கும் வேலைதான் கூடியிருக்கிறது. "நம்ம ஆட்களுக்குள் பேப்பர் எதற்கு" என்ற வாக்கியத்தை என் அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறேன். அதைச் சொன்னவர் பெரும்பாலும் பணம் வாங்கியவராகவே இருப்பார்.

பி.ஆர். பயத்தையும் விட்டுவிடுங்கள். இந்த மாதிரித் தகராறுகளை விசாரிப்பது வீட்டு உரிமையாளர் - வாடகையாளர் வாரியம். எல்லோரும் எல்டிபி என்பார்கள். அது மாகாண அமைப்பு, குடியேற்றம் மத்திய அரசின் வேலை. வாடகைத் தகராறு குற்ற வழக்கும் அல்ல. தன் உரிமையைக் கேட்டு மனுப் போட்டதற்காக யாருடைய பி.ஆர். விண்ணப்பமும் நிராகரிக்கப்படுவதில்லை. உரிமையாளர் அப்படி மிரட்டினால், அதை எழுத்தில் சொல்லும்படி செய்யுங்கள். அந்த மிரட்டலே வாரியத்தில் உங்கள் பக்கம் பேசும்.

சமையலறை யாருடையது?

உங்கள் கடிதத்தில் ஒரு வரியைத் தேடித் தேடிப் படித்தேன். "கிச்சன், பாத்ரூம் எங்களுக்குத் தனி, வாஷிங் மெஷின் மட்டும் பொது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வழக்கு முழுவதும் அந்த வரியில்தான் நிற்கிறது. உரிமையாளரோ, அவருடைய மனைவி, பிள்ளை, பெற்றோரோ அதே வீட்டில் இருந்து, அவர்களோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர வேண்டிய ஏற்பாடு என்றால், மேலே சொன்ன சட்டம் அந்த வாடகைக்குப் பொருந்தவே பொருந்தாது. அந்த நிலையில் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. புதிதாக வரும் மாணவர்கள் பலர் இது தெரியாமல் ஒரு அறையை எடுத்துக்கொண்டு, பிரச்சினை வந்த பிறகு ஓடி வருகிறார்கள். துவைக்கும் இயந்திரத்தைப் பகிர்வது கணக்கில் வராது. நீங்கள் சட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறீர்கள்.

அந்த பேஸ்மென்ட் நகராட்சி அனுமதியோடு கட்டப்பட்டதா என்பது வேறு கேள்வி. அனுமதி இல்லாவிட்டாலும் வாடகையாளர் என்ற உங்கள் உரிமை போகாது. ஆனால் அது வேறொரு விதத்தில் உங்களைப் பாதிக்கலாம், கீழே சொல்கிறேன்.

அட்வான்ஸ்

ஐந்து மாதம், பத்து மாதம் என்று அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய ஊரிலிருந்து வருகிறோம், அதனால் இரண்டு மாதம் கேட்டபோது குறைவாகவே தோன்றியிருக்கும். ஒன்டாரியோவில் சேதத்துக்காக முன்பணம் வாங்குவதே சட்டவிரோதம். முன்பணமாக வாங்கலாம் என்று சட்டம் விடுவது ஒரே ஒரு மாத வாடகையை, அதுவும் கடைசி மாத வாடகையில் கழிப்பதற்காக மட்டும். அதற்கு ஒவ்வோர் ஆண்டும் வட்டியும் தர வேண்டும். சாவிக்கு ஒரு சிறு தொகை வாங்கலாம், ஆனால் சாவியைக் கொடுத்ததும் திருப்பித் தர வேண்டும். ஆகவே உங்கள் 7,200 டாலரில் 3,600 அவர் வாங்கியிருக்கவே கூடாத பணம்.

அதைத் திரும்பக் கேட்க டி1 என்ற மனு இருக்கிறது. பணம் வாங்கிய ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது இல்லையே என்பீர்கள். கேட்டால் ரசீது கொடுக்க வேண்டியது உரிமையாளரின் கடமை, அதற்குக் கட்டணமும் வாங்கக்கூடாது. எனவே இன்றே ஒரு வாட்ஸப் செய்தி அனுப்புங்கள், சண்டை தொனி துளியும் இல்லாமல்: "அண்ணா, மே மாதம் நாங்கள் கொடுத்த 7,200 டாலருக்கும் (முதல் மாதம் 1,800, கடைசி மாதம் 1,800, டேமேஜ் அட்வான்ஸ் 3,600) அதன் பிறகு கொடுத்த வாடகைக்கும் ரசீது தந்தால் உதவியாக இருக்கும், கணக்குக்குத் தேவைப்படுகிறது." அவர் "சரி, பார்க்கலாம்" என்று பதில் போட்டால்கூட போதும், தொகையை மறுக்கவில்லை என்பது பதிவாகிவிடும். அந்த வாரம் நீங்கள் வங்கியிலிருந்து பணம் எடுத்ததற்கான ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள். வீடு பார்த்துக் கொடுத்த நண்பர் பணம் கொடுக்கும்போது கூட இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சாட்சி சொல்வாரா என்பதை அவசரமில்லாமல் கேட்டுப் பாருங்கள்.

கூடவே இன்னொன்று. 2018 ஏப்ரல் 30 அன்றோ அதன் பிறகோ தொடங்கிய பெரும்பாலான வாடகைகளுக்கு மாகாண அரசின் நிலையான ஒப்பந்தப் படிவம் கட்டாயம். அதை எழுத்தில் கேளுங்கள். கேட்ட 21 நாளுக்குள் தராவிட்டால் ஒரு மாத வாடகையை நிறுத்தி வைக்கச் சட்டமே அனுமதிக்கிறது. 'வாடகையை நிறுத்தாதீர்கள்' என்று நான் சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு. ஆனாலும் இதை ஒரு சட்ட உதவி மையத்தில் கேட்காமல் செய்ய வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தினாலும், நாள் கணக்கு தவறினாலும் நீங்களே பாக்கிக்காரர் ஆகிவிடுவீர்கள்.

17 டிகிரி

டொராண்டோ நகர விதிப்படி குளிர் மாதங்களில் வாடகை வீட்டுக்குள் குறைந்தது 21 டிகிரி இருக்க வேண்டும். மாகாண விதி 20 டிகிரி என்கிறது, செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை. 17 இரண்டிலும் தேறாது. ஹீட்டிங் வாடகையில் அடக்கம் என்றால் அதைத் தருவது உரிமையாளரின் கடமை. 'ஹீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்' என்பது கடமையை நிறைவேற்றியதாகாது. அதற்குக் கூடுதலாக 100 டாலர் கேட்பது வாடகையை ஏற்றுவதுதான். வாடகையை ஏற்ற 90 நாள் முன்னதாக உரிய படிவத்தில் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், குடியேறி 12 மாதம் ஆகியிருக்கவும் வேண்டும். உங்களுக்கு இரண்டும் நடக்கவில்லை. பெரும்பாலான வீடுகளுக்கு உயர்வின் உச்சவரம்பையும் மாகாணமே அறிவிக்கிறது: 2025இல் 2.5 சதவீதம், 2026க்கு 2.1 சதவீதம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதல்முறையாகக் குடியிருப்பாகப் பயன்படுத்தப்பட்ட இடங்களுக்கு இந்த உச்சவரம்பு இல்லை. சில புது பேஸ்மென்ட்டுகளும் அதில் வரும்.

சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, வெளிச்சுவரையும் ஜன்னலையும் விட்டுத் தள்ளி, பையன் தூங்கும் அறையில் வையுங்கள். காலை, இரவு இரண்டு வேளையும் தேதி, நேரம் தெரிய ஒரு போட்டோ. ஒரு வாரப் பதிவு சேர்ந்ததும் உரிமையாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள், சரிசெய்ய மூன்று நான்கு நாள் கொடுங்கள். அப்புறமும் மாறாவிட்டால் நகராட்சியின் 311 எண்ணைக் கூப்பிட்டால் ஆய்வாளர் வருவார்.

311ஐக் கூப்பிடுவதில் ஒரு ஆபத்து உண்டு, யாரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. குளிரைப் பார்க்க வரும் ஆய்வாளரின் கண்ணில் மற்றவையும் படும். படுக்கையறையில் தப்பி வெளியேறும் அளவுக்கு ஜன்னல் இல்லை, கூரை மிகத் தாழ்வு, தீ விபத்து என்றால் ஓட வழி இல்லை என்றெல்லாம் தெரியவந்தால் அந்த பேஸ்மென்ட்டில் ஆள் குடியிருக்கவே கூடாது என்று உத்தரவு வரலாம். குறை உரிமையாளருடையது, ஆனால் நடுக்குளிரில் வீடு தேட வேண்டியவர்கள் நீங்கள். அதனால் கூப்பிடுவதற்கு முன் வீட்டை நீங்களே ஒரு முறை சுற்றிப் பாருங்கள். ஜன்னலும் வாசலும் சரியாக இருந்தால் தயங்க வேண்டாம். இல்லையென்றால் அன்றிலிருந்தே வேறு வீடு பார்க்கத் தொடங்கிவிட்டு, பிறகு கூப்பிடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. வீட்டைச் சூடாக்கும் எரிவாயு ஃபர்னஸ் பெரும்பாலும் பேஸ்மென்ட்டில்தான் இருக்கும். தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரமும், வீட்டில் புகை அலாரமும் வேலை செய்கிறதா என்று இன்றிரவே பொத்தானை அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே உரிமையாளரிடம் கேளுங்கள், பொருத்துவது அவர் பொறுப்பு. அவர் இழுத்தடித்தால் தீயணைப்புத் துறையிடம் சொல்லுங்கள், அந்த அழைப்பைப் பின்விளைவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தற்காலிகமாக ஹீட்டர் வைத்தால் நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் கார்டில் வேண்டாம். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்து விடுவதும் வேண்டவே வேண்டாம்.

பனி வாருவது பற்றி: பொது நடைபாதையைப் பனியும் ஐஸும் இல்லாமல் வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அந்தக் கடமையை வாடகையாளர் தலையில் கட்ட முடியாது என்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இலேயே சொல்லிவிட்டது. உங்களிடம் அப்படி ஒரு வரிகூட இல்லை. நல்லுறவுக்காக வாரினால் வாருங்கள், அது உதவி. அவர் அதற்கென்று தனியாகப் பேசி, பணம் கொடுத்து ஏற்பாடு செய்தால் அது வேறு.

"ஜனவரிக்குள் காலி பண்ணுங்கள்"

வாயால் சொன்னது நோட்டீஸ் ஆகாது. தன் குடும்பத்துக்கு வீடு தேவை என்று காலி செய்யச் சொல்ல என்12 என்ற படிவம் உண்டு. வழக்கமாக 60 நாள் அவகாசம், அதுவும் வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிய வேண்டும். டிசம்பர் நடுவில் படிவம் தந்தாலும் மிக முன்னதாக வரும் தேதி பிப்ரவரி இறுதிதான். ஒரு மாத வாடகை இழப்பீடாகத் தர வேண்டும் என்பதும் வழக்கம். 2025 நவம்பரில் மாகாணச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தங்கள் இந்த இழப்பீட்டையும் வேறு சில காலக்கெடுக்களையும் தொடுகின்றன. ஆகவே படிவம் கைக்கு வந்தால் அதில் அச்சிட்டிருக்கும் நாள் கணக்கை அப்போது நடைமுறையில் இருக்கும் விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதைவிட முக்கியம், யாருக்காகக் கேட்கிறார் என்பது. உரிமையாளர், அவர் துணை, அவர்களுடைய பிள்ளைகள், பெற்றோர், அவர்களைப் பராமரிக்க வருபவர்: பட்டியல் இத்துடன் முடிகிறது. அக்கா மகன் அதில் இல்லை. நம் குடும்பங்களில் அக்கா மகன் சொந்த மகனுக்குச் சமம்தான், ஆனால் வாரியம் அப்படிப் பார்க்காது. யாராவது இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்து, அவர் பேச்சை மாற்றி "என் மகனுக்கு" என்று படிவம் தரலாம். அதனால்தான் முதலில் சொன்ன காரணம் எழுத்தில் இருப்பது நல்லது. "அக்கா மகன் வருவதாகச் சொன்னீர்களே, எந்தத் தேதி என்று நினைக்கிறீர்கள்?" என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும். உரியவர் ஒரு வருடமாவது அங்கே குடியிருக்கும் எண்ணம் உண்மையில் இருக்க வேண்டும். பொய்க் காரணம் சொல்லிக் காலி செய்ய வைத்தது பின்னால் தெரிந்தால், வெளியேறிய ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டு 12 மாத வாடகை வரை இழப்பீடு கேட்க வழியிருக்கிறது.

நோட்டீஸ் வந்தாலும் அன்றே பெட்டி கட்ட வேண்டியதில்லை. வெளியேறும்படி உத்தரவிடும் அதிகாரம் வாரியத்துக்கு மட்டும்தான். அந்த உத்தரவை நிறைவேற்றும் அதிகாரம் ஷெரிஃப் அலுவலகத்துக்கு மட்டும்தான். பூட்டை மாற்றுவது, ஹீட்டிங்கையோ தண்ணீரையோ நிறுத்துவது எல்லாம் குற்றம். அப்படி நடந்தால் மாகாண அரசின் வாடகை வீட்டு அமலாக்கப் பிரிவைக் கூப்பிடுங்கள். ஃபர்னஸ் பார்க்கிறேன் என்று அவர் நினைத்த நேரத்தில் உள்ளே வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரம் இல்லாத நேரத்தில் 24 மணி நேரம் முன்பு எழுத்தில் சொல்லிவிட்டு, காலை 8 முதல் இரவு 8 வரைக்குள்தான் வரலாம்.

இருப்பதா, போவதா?

சட்டப்படி நீங்கள் அங்கேயே இருக்கலாம். இருக்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், என்றாலும் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்: போய்விடுங்கள், ஆனால் அவர் சொன்ன தேதியில் அல்ல. வாரியத்தில் வழக்கு நகர மாதக்கணக்காகும். அத்தனை மாதமும் தெர்மோஸ்டாட் அவர் கையில் இருக்கும், தலைக்கு மேல் அவர் குடும்பம் நடமாடிக்கொண்டிருக்கும். சிறு பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தச் சூழலில் ஜெயிப்பது பெரிய ஜெயம் இல்லை. சட்டம் உங்கள் பக்கம் இருப்பதை, நல்லபடியாக வெளியேறப் பயன்படுத்துங்கள்.

பேசும்போது கேட்க வேண்டியவை: 3,600 டாலர் திரும்ப வர வேண்டும், கடைசி மாத வாடகை ஏற்கனவே கொடுத்தாயிற்று என்பதை அவர் எழுதித் தர வேண்டும், தேதி உங்களுக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். மார்ச் இறுதி என்று வைத்துக்கொண்டால் அதுவரை வீடு 21 டிகிரியில் இருக்க வேண்டும். சம்மதம் ஏற்பட்டால் என்11 என்ற படிவத்தில் இருவரும் கையெழுத்திடலாம். இந்தப் படிவத்தில் மட்டும் மிகக் கவனம். அதில் போட்ட கையெழுத்தை வைத்து, விசாரணையே இல்லாமல் வெளியேற்ற உத்தரவு வாங்க முடியும். பணம் உங்கள் கணக்குக்கு வரும் முன்போ, தேதி நிரப்பாத தாளிலோ கையெழுத்திடாதீர்கள். பேச்சு முறிந்தால் நீங்களே என்9 படிவத்தில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு மாத முடிவில் கிளம்பலாம், பணத்துக்கு டி1, குளிருக்கு டி6 என்று மனுப் போடலாம். சொல்லாமல் கொள்ளாமல் சாவியை வைத்துவிட்டுப் போவது மட்டும் கூடாது, பின்னால் வாடகை பாக்கி என்று உங்கள் மேலேயே வழக்கு வரும்.

அடுத்த வீட்டுக்கு இப்போதே தேடத் தொடங்குங்கள். குளிர்காலத்தில் வீடு மாறுகிறவர்கள் குறைவு, அதனால் போட்டியும் குறைவு. 'கனடாவில் கிரெடிட் ஹிஸ்டரி இல்லை' என்ற ஒன்றையே காரணமாக வைத்துப் புதியவர்களை ஒதுக்கக்கூடாது என்பது ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தின் நிலைப்பாடு. நடைமுறையில் பல விண்ணப்பங்கள் குவியும்போது எதையும் நிரூபிப்பது கடினம். எனவே வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கி ஸ்டேட்மென்ட், முடிந்தால் இங்கே வேலையில் இருக்கும் உறவினர் ஒருவரின் கேரண்டி என்று ஒரே கோப்பாகத் தயார் செய்து கையில் வைத்திருங்கள். 'சின்' எண்ணை (சமூகக் காப்பீட்டு எண்) வீட்டுக்காக யாருக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆறு மாத வாடகையை முன்னால் கேட்பவரிடம் 'ஒரு மாதம்தான் சட்டம்' என்று சொல்லலாம். சொன்னால் வீடு கைநழுவலாம், அதுவும் உண்மை. வாடகையாளர் தானாக முன்வந்து கொடுத்தால் அதைத் திரும்பப் பெறுவது சிக்கலாகும், எனவே நீங்களாக அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

வீடு பார்க்கப் போகும்போது தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். உங்கள் கையிலேயே இருந்தால், ஹீட்டிங் எதில் ஓடுகிறது என்பது அடுத்த கேள்வி. சுவரோரம் மின்சார பேஸ்போர்ட் ஹீட்டர் ஓடும் வீட்டில் ஹைட்ரோ பில் உங்களுடையது என்றால், வாடகை 200 டாலர் குறைவாக இருந்த லாபம் ஜனவரி பில்லில் கரைந்துவிடலாம். வாடகைக்கென்றே கட்டிய பெரிய அடுக்குமாடிகளில் ஹீட்டிங் பெரும்பாலும் வாடகையில் அடக்கம், உரிமையாளருக்குத் திடீரென்று அக்கா மகன் வருவதும் இல்லை. வாடகை சற்றுக் கூடினாலும் பிள்ளையோடு இருப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

இதையெல்லாம் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. வருமானம் குறைவென்றால் லீகல் எய்ட் ஒன்டாரியோ நிதியுதவியில் இயங்கும் சமூகச் சட்ட மையங்கள் இலவசமாகப் பார்க்கும். ஸ்கார்பரோவிலேயே ஒன்று உண்டு, தெற்காசியர்களுக்கென்று தனியாகவும் ஒன்று இருக்கிறது. மனுக் கட்டணம் 50 டாலர் அளவில்தான், வருமானம் போதாது என்றால் விலக்கும் கேட்கலாம். விசாரணை பெரும்பாலும் வீடியோவில் நடக்கிறது. தமிழில் இருக்கும் வாட்ஸப் செய்திகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வாய்ஸ் மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள். டி1 மனுவுக்கான ஒரு வருடக் கெடு வரும் மே மாதத்தோடு முடிகிறது. பேச்சுவார்த்தை நன்றாகப் போகிறது, பணம் வந்துவிடும் என்று தோன்றினாலும், மார்ச் முடிவதற்குள் கைக்கு வரவில்லை என்றால் மனுவைப் போட்டுவிட்டே பேச்சைத் தொடருங்கள்.